மூன்று புள்ளி ஸ்பேனர்

கோலார் தங்கவயலில் யாரும் எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. தர்பூசணிக்கு ஒரு தட்டு, மண்பானைக்கு ஒரு தட்டு, பிரஷர் குக்கருக்குக்கூட ஒரு தட்டு. சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிஃப்ட் தொடங்குமுன் தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கம்பியால் தட்டிக் காது கொடுப்பார்கள். கணீரென்றால் கீழே நின்று வேலை பார்க்கலாம், தொப்பென்றால் ஓடிவிட வேண்டும். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. தலைக்கு மேலே இப்போது பாறை இல்லை, ஆனாலும் கை சும்மா இருப்பதில்லை.

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் டூல்ஸ் கடை வைத்திருக்கும் லூயிசாவுக்கு இந்தப் பழக்கத்தால் தினமும் தலைவலி. ஸ்பேனர் வாங்க வருகிறவன் ஒன்றை எடுத்து இன்னொன்றால் தட்டுவான். பக்கத்தில் நிற்கிறவன் அதை வாங்கித் தானும் தட்டுவான். "இது கடையா, கோயில் மணிக்கூண்டா?" என்று லூயிசா கத்துவாள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் ஆஸ்டர்ஹாம் என்று கம்பெனிப் பேர் குத்திய ஸ்பேனரை அவர்கள் தட்டும்போது மட்டும் அவள் கத்துவதில்லை. அந்தச் சத்தம் அவளுக்கே பிடிக்கும். தட்டினால் கணீரென்று கிளம்பி, கடைக்கு வெளியே இளநீர் வெட்டுகிறவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்கும். தட்டினவன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஃபாரின்தான், சந்தேகமே இல்ல" என்பான். அதற்குமேல் இந்த ஊரில் சான்றிதழ் கிடையாது. நல்ல சத்தம் வந்தால் அது கப்பலில் வந்த சாமான், மட்டமான சத்தம் வந்தால் நம்மூர் சாமான். வெள்ளைக்காரன் போகும்போது பங்களாவை விட்டுப் போனான், இந்த நினைப்பையும் விட்டுப் போனான். பங்களாக்கள் இடிந்து விழுகின்றன. நினைப்புக்கு மட்டும் ஒரு கீறல் விழவில்லை.

லூயிசாவும் அதே ஊர்க்காரிதானே. அவளும் தட்டினாள், கேட்டாள், நம்பினாள். 'அசல் ஜெர்மனி டூல்ஸ் இங்கே கிடைக்கும்' என்று சிவப்பு பெயின்டில் எழுதி வாசலில் மாட்டினாள்.

அந்தப் போர்டுக்குத்தான் ஒரு திங்கட்கிழமை சனி பிடித்தது. ஆண்டர்சன்பேட்டையில் லாரி மெக்கானிக்காக இருக்கும் சிவகுமார் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க பெங்களூர் போய்விட்டு வந்திருந்தான். சிவகுமாருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் அது ஊருக்கே தெரிந்த மாதிரி. கடை நிறைய ஆள் நிற்கும் நேரமாகப் பார்த்து வந்து, போர்டைக் காட்டிச் சிரித்தான்.

"இன்னா அக்கா, இன்னும் இத மாட்டிகினு கீறீங்க? பெங்களூர் எஸ்.பி. ரோட்டு டூல்ஸ் கடைங்கள்ல எல்லாரும் சிரிக்கறாங்க. ஜெர்மனியாம், ஜெர்மனி! லூதியானாவுல பண்ணி பேர் குத்தறானுங்களாம். எங்க தலையில கட்றீங்களா?"

"யார் தலையில யாரு கட்டறது? வார்த்தைய அளந்து பேசு சிவா!"

"அப்ப எந்த ஊர்ல பண்ணதுன்னு நீங்களே சொல்லுங்க, கேட்டுக்கறோம்."

லூயிசா கவுண்டரிலிருந்த ஒரு ஸ்பேனரை எடுத்துத் திருப்பினாள். பேர்தான் இருந்தது, ஊர் இல்லை. நின்றிருந்தவர்கள் கையிலிருந்த ஸ்பேனரைத் தட்டுவதை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர் எடுத்த செட்டை மெதுவாகக் கவுண்டரில் வைத்துவிட்டு, "அப்பறமா வரேம்மா" என்று இறங்கிப் போனார்.

அவள் கடையில் கேரண்டி கார்டு கிடையாது. அவள் வாய்தான் கேரண்டி. 'லூயிசா சொல்லிச்சா? அப்ப சரி' என்று பேத்தமங்களாவிலிருந்து பம்ப்செட் ரிப்பேருக்கு டூல்ஸ் வாங்க வருகிறவர்கள்கூடப் பெட்டியைப் பிரிக்காமல் எடுத்துப் போவார்கள். அந்தப் பேச்சு ஒருமுறை பொய்த்தால் ஷட்டரைத் தூக்குவதில் அர்த்தமில்லை. பயமும் கோபமும் ஒன்றாக ஏறியதில் அவள் குரல் தெருமுனைவரை போயிற்று.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சி வாங்க, எல்லாரும் வாங்க! இது எங்க பண்ணதுன்னு நான் சொல்றேன். போர்டு பொய்யின்னா என் கையாலயே கழட்டிடறேன்!"

சொல்லிவிட்டாள். எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் தெரியவில்லை.

ஆனால் லூயிசா உட்கார்ந்து கவலைப்படுகிற ஜாதி இல்லை. கூட்டம் கலைந்ததும் ஒரு பெட்டியை எடுத்துப் புரட்டினாள். பார்கோடு! நாற்பதில் தொடங்கினால் ஜெர்மனி என்று எப்போதோ வாட்ஸப்பில் வந்தது ஞாபகம் வந்தது. பார்த்தால் நாற்பதேதான்! குதிக்காத குறையாகப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடி, பில் போடும் ஷில்பாவிடம் காட்டினாள். ஷில்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் பக்கத்திலிருந்த சாக்லேட் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"இதுலயும் வெளிநாட்டு நம்பர்தான் ஆன்ட்டி. பின்னாடி படிங்க, பண்ணது புனே. கம்பெனி எங்க பேர் பதிஞ்சிதோ அந்த நம்பர் அது. சாமான் எங்க பண்ணாங்கன்னு சொல்லாது."

லூயிசா திரும்பி வந்து ஸ்டிக்கரைப் படித்தாள். இத்தனை நாள் விற்ற சாமானின் ஸ்டிக்கரை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஜெர்மனியிலிருந்து இறக்குமதி என்று இருந்தது. வந்தது அங்கிருந்து, சரி. செய்தது எங்கே என்பதற்கு அந்த ஸ்டிக்கர் வாயே திறக்கவில்லை. பெங்களூர் ஹோல்சேல்காரருக்குப் போன் போட்டாள். "மேடம், இவ்ளோ வருஷமா எடுக்கறீங்க, இப்ப இன்னா டவுட்டு?" என்று இழுத்தவர், அடுத்த தடவை போனையே எடுக்கவில்லை.

மறுநாள் குடோனில் சரக்கு வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்தாள். பக்கவாட்டில் கோதுமைக் கதிர் போட்ட ஒரு முத்திரை, அதில் ஜெர்மனிக்கான இரண்டு எழுத்து! சாயங்காலம் பெங்களூரிலிருந்து வேலை முடிந்து வந்த கணவன் ஸ்டீவன் செருப்பைக் கழற்றுமுன் பலகையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

ஸ்டீவன் நிதானமானவன். அது லூயிசாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து எரிச்சல்.

"பொட்டி ஜெர்மனிதான் லூயி. உள்ள கீறவன் எந்த ஊருன்னு பொட்டி சொல்லுமா? நான்கூடத்தான் டெய்லி பெங்களூர் வண்டியில வந்து எறங்கறேன். நான் இன்னா பெங்களூர்காரனா?"

அவளுக்குப் பலகையாலேயே ஒன்று போடலாம் போலிருந்தது. ஆனால் அவன் சொன்னது சரி என்பதால் பலகையைக் கீழே வைத்தாள்.

புதன்கிழமை அவள் ஸ்பேனரையே விசாரிக்க உட்கார்ந்தாள். போன் கேமராவைப் பெரிதாக்கி அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். வளையம் முடிந்து கைப்பிடி தொடங்கும் கழுத்தில், குரோம் பளபளப்புக்கு அடியில், ஏதோ குத்தியிருந்தது. சின்னச் சின்னதாக மூன்று புள்ளிகள், ஒரே வரிசையில். அடுத்ததை எடுத்தாள். அதிலும் மூன்று. அதற்கடுத்ததில் புள்ளி இல்லை, குறுக்கே ஒரு கோடு. இன்னொன்றில் பிறை மாதிரி. கடையிலிருந்த அத்தனையையும் கவுண்டரில் பரப்பிப் பிரித்துவிட்டாள். புள்ளிக் கூட்டம், கோட்டுக் கூட்டம், பிறைக் கூட்டம். மெஷின் குத்தியிருந்தால் எல்லாம் ஒரே அச்சாக இருக்க வேண்டுமே! இது கை. யாரோ சிலர் ஆளுக்கொரு அடையாளம் வைத்திருக்கிறார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இவ்வளவு கிட்டே வந்தும் யார் அவர்கள் என்று தெரியாமல் வியாழக்கிழமை முழுவதும் வந்தவர் போனவரிடமெல்லாம் எரிந்து விழுந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அது வெளிச்சமாயிற்று. சொன்னால் சிரிப்பீர்கள், பாத்ரூம் வாசலில்தான்.

அன்றைக்கு லீவு போட்டிருந்த ஸ்டீவன் உள்ளே போய் வெகு நேரம். லூயிசா பொறுமையிழந்து கதவை ஓங்கிக் குத்தினாள். உள்ளேயிருந்து பதில் வந்தது. டக், டக், டக்.

அவள் வளர்ந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் கக்கூஸ் பொது, தாழ்ப்பாள் பேருக்குத்தான். வெளியே யாராவது கதவைத் தொட்டால் உள்ளே இருப்பவர் மூன்று தட்டு தட்ட வேண்டும். சுரங்கத்திலிருந்து வந்த வழக்கம் அது. ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழியில் இறங்குகிற கேஜுக் கூண்டுக்கு மூன்று பெல் அடித்தால், உள்ளே இருப்பது கல்லு மண்ணு இல்லை, ஆள், பார்த்து இறக்கு என்று அர்த்தம். ஷாஃப்டில் கேஜ் நின்ற பிறகும் கக்கூஸ் கதவில் மூன்று பெல் நிற்கவில்லை. சொந்தமாக டைல்ஸ் போட்ட பாத்ரூமும் நல்ல தாழ்ப்பாளும் வந்த பிறகும் ஸ்டீவனின் கை தானாகத் தட்டுகிறது.

லூயிசா வாசலிலேயே உறைந்து நின்றாள். மூன்று தட்டு. மூன்று பெல். மூன்று புள்ளி!

"ஸ்டீவ்! ஸ்டீவ்! நம்ம ஊரு ஆளு! அதக் குத்தினது நம்ம ஊரு ஆளு!"

"சோப்பு போட்டுகினு கீறேன்!"

"சோப்ப விடு! உன் வண்டியில இரும்புக் கம்பெனிக்குப் போறவங்க யாராவது கீறாங்களா?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவன் யோசிப்பது கதவு வழியாகவே தெரிந்தது. "மாலூர் ஃபோர்ஜிங் கம்பெனிக்கு லேடீஸ் கூட்டம் ஒண்ணு போவும். மாரிக்குப்பத்துல ஏறுவாங்க. லேடீஸ் பெட்டி. ஏன்?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. குளிக்கவில்லை, தலை வாரவில்லை. புள்ளி போட்டது ஒன்று, கோடு போட்டது ஒன்று என்று கைப்பையில் திணித்துக்கொண்டு ஊரிகம் ஸ்டேஷனுக்கு ஓடினாள். அந்த வயதில் அப்படி ஓடியதைப் பார்த்த பால்காரர் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக் கூடவே கொஞ்ச தூரம் சைக்கிளை விரட்டினார். வண்டி ஊதிவிட்டது. கடைசிப் பெட்டிக்கு முந்திய பெட்டியில் இரண்டு பெண்கள் அவள் கையைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்கள்.

அதுவே லேடீஸ் பெட்டி. ஒருத்தி அவரைக்காய் நறுக்கினாள், ஒருத்தி பூக் கட்டினாள், பாதிப் பேர் வாயைப் பிளந்து தூங்கினார்கள். லூயிசா மூச்சு வாங்க நடுவில் நின்று, ஸ்பேனரைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"மூணு புள்ளி யாரு?"

தூங்கினவர்கள் விழித்துக்கொண்டார்கள். ஜன்னலோரம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த, காதில் பெரிய ஜிமிக்கி போட்ட ஒருத்தி மட்டும் சிரித்தாள். "இன்னா அக்கா, போலீஸா? அந்தப் புள்ளி நான்தான். ஞானசுந்தரி. இன்னா கேஸு?"

லூயிசா ஸ்பேனரை அவளிடம் நீட்டினாள். ஞானசுந்தரி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"இது எங்களுது இல்லக்கா. எங்களுது கருப்பா, அடுப்புல போட்ட மாதிரி கீது. பேரு கீரு ஒண்ணும் இருக்காது. இது இன்னா, கல்யாணப் பொண்ணு மாதிரி மினுக்குது!"

"கழுத்துல பாரு. கழுத்துல."

ஞானசுந்தரியின் கட்டைவிரல் கழுத்துக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. இன்னொரு தரம் தடவினாள். அவள் முகத்தில் சிரிப்பு போய், வேறு ஏதோ வந்தது.

"ஐயோ," என்றாள். பிறகு பெட்டியே அதிரக் கத்தினாள். "ஏய் மங்கம்மா! இங்க வாடி! நம்ம பிள்ள ஃபாரின் போய்ட்டு வந்து கீதுடி!"

அவரைக்காய் சிதறியது. மங்கம்மா பாய்ந்து வந்தாள். லூயிசாவின் பையிலிருந்த இன்னொரு ஸ்பேனரில் தன் கோட்டைக் கண்டதும் அவள் போட்ட கூச்சலில் அடுத்த பெட்டியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பழுக்கக் காய்ந்த இரும்பை அச்சில் வைத்து அடிப்பது, ஆறியதும் இவர்கள் மேஜைக்கு வருவது, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, தொப்பென்று கேட்டால் உள்ளே விரிசல் என்று தூக்கிப் போடுவது, கணீரென்றால் பஞ்ச் உளியால் ஆளுக்கொரு அடையாளம் குத்திப் பாஸ் பண்ணுவது.

"தட்டிப் பாக்கற வேலன்னாதான் எங்க ஊரு பொம்பளைங்கள எடுத்தாங்க," என்றாள் ஞானசுந்தரி பெருமையாக. "பொட்டி கட்டி துறைமுகத்துக்கு அனுப்பிடுவாங்க. அப்பறம் எங்க போவுது, இன்னா ஆவுது, யாருக்குத் தெரியும்? டிராக்டருக்குன்னு நெனச்சிகினு இருந்தோம்."

"இது மூணு பெல்தானே?" என்று லூயிசா கேட்டாள்.

"பின்ன? நம்ம ஊர்ல மூணுன்னா வேற இன்னா?"

லூயிசாவுக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, பிடித்தும் விட்டாள். இட்லிச் சட்னி அவள் புடவையில் ஒட்டியது. கண்டுபிடித்துவிட்டாள்! ஹோல்சேல்காரர் சொல்லாததை, பெட்டியும் ஸ்டிக்கரும் சொல்லாததை அவள் கண்டுபிடித்துவிட்டாள்!

மாலூரில் அந்தக் கூட்டம் இறங்கிப்போய், திரும்புகிற வண்டிக்காகத் தனியாக பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. போர்டு பொய். சிவகுமார் ஊரைத் தப்பாகச் சொன்னானே தவிர விஷயத்தைத் தப்பாகச் சொல்லவில்லை. பார்கோடையும் மரப்பெட்டி முத்திரையையும் காட்டினால் ஊர் வாயை மூடிவிடலாம். யாரும் கழுத்தைப் பார்க்கப் போவதில்லை. அந்த எண்ணம் வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது, வந்த எண்ணம் சீக்கிரம் போகவும் இல்லை. பங்காரப்பேட்டை தாண்டும்போது, காலையில் வாங்கி வைத்திருந்த ஞானசுந்தரியின் நம்பருக்குப் போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை கடைக்கு வா. கட்டாயம் வா," என்றாள். இனி மாற்றிப் பேச முடியாது என்று ஆனபிறகுதான் நிம்மதி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது கடை வாசலில் தேர் பார்க்கிற கூட்டம். சிவகுமார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றான். லூயிசா யாரிடமும் பேசாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, போர்டைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"பாத்தீங்களா! நான் சொன்னனா இல்லியா?" என்று சிவகுமார் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தான்.

"பேர் போட்டதும் பாலிஷ் போட்டதும் ஜெர்மனி," என்றாள் லூயிசா. ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. "இரும்ப அடிச்சது மாலூர். தட்டிப் பாத்து பாஸ் பண்ணது மாரிக்குப்பம். எனக்கும் தெரியாது, தெரியாமதான் எழுதினேன். அதோ நிக்கறாளே, ஞானசுந்தரி, அவ கை அது."

கூட்டம் ஞானசுந்தரியை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் லூயிசா எதிர்பார்க்காதது. ஒருவரும் நம்பவில்லை.

"சும்மா இருங்கக்கா!" என்றான் சிவகுமார். லூதியானாவை நம்பினவனால் மாரிக்குப்பத்தை நம்ப முடியவில்லை. "நம்ம ஊரு ஆளு பண்ணா இந்தச் சத்தம் வருமா? ரெண்டு வருஷமா இத வெச்சிதான் வேலை பண்றேன், லாரி இன்ஜினே கழட்டறேன், எனக்குத் தெரியாதா?" என்று பேன்ட் பாக்கெட்டிலிருந்து தன் ஸ்பேனரை உருவி ஆட்டினான். அது இல்லாமல் அவன் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டான்.

"அதக் கொஞ்சம் திருப்பிப் பாருண்ணா," என்றாள் ஞானசுந்தரி. "கழுத்தாண்ட."

சிவகுமார் திருப்பினான். கிரீஸைப் பழந்துணியால் துடைக்கிற மாதிரி புதுச் சட்டையால் துடைத்தான். கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனான். அவன் அப்பா ஷாஃப்டில் பெல் அடிக்கிற வேலை பார்த்தவர் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவன் உதடு மட்டும் எண்ணுவதுபோல் அசைந்தது.

"மூணு," என்றான். அவன் குரல் அவ்வளவு சின்னதாகி யாரும் கேட்டதில்லை. "எதுக்கும்மா மூணு குத்தின?"

"மெஷின்தான் பண்ணுதுன்னு நெனச்சிக்குவாங்க இல்ல? உள்ள ஆளு கீதுன்னு சொல்ல வேணாமா?"

லூயிசாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சிவகுமார் ஸ்பேனரைத் திருப்பிப் பிடித்து, கவுண்டர் கம்பியில் மெதுவாக மூன்று தட்டு தட்டினான். கணீர், கணீர், கணீர். அப்புறம் ஒரே தள்ளுமுள்ளு. எல்லோரும் கவுண்டரில் விழுந்து ஸ்பேனரை எடுத்தார்கள். யாரும் தட்டவில்லை, கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள். "எனக்கு புள்ளி! எனக்கு புள்ளி குடுங்க!" என்று பின்னாலிருந்து கைகள் நீண்டன. ஞானசுந்தரி கடைக்குள் ஏறி, பளபளவென்ற பெட்டியை முதல்முறையாகத் திறந்து தானே எடுத்துக் கொடுத்தாள். ஒன்றை மட்டும் தன் பையில் போட்டுக்கொண்டாள். லூயிசா வேறு பக்கம் பார்த்தாள்.

சாயங்காலம் ஸ்டீவன் போர்டின் பின்பக்கத்தைத் திருப்பி, பழைய சிவப்பு பெயின்டிலேயே பெரிதாக மூன்று புள்ளி வைத்து மாட்டினான். வெளியூர்க்காரர்கள் அது என்ன கடை என்று விசாரிக்கிறார்கள். ஊர்க்காரர்கள் விசாரிப்பதில்லை. அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் புள்ளி போட்ட ஸ்பேனர் எல்லாம் தீர்ந்துவிட்டது. கோடு போட்டவைதான் மிச்சம் கிடந்தன. அதற்காக மங்கம்மா ஒரு வாரம் ட்ரெயினில் ஞானசுந்தரியோடு பேசவில்லை.